பஞ்சாபில் வேர் பிடிக்காத நேரடி நெல் விதைப்பு

புது தில்லி: நாற்றுவிட்டு நடும் முறையைக் கைவிட்டு, நெல்லை நேரடியாக விதைக்கும் விவசாயிகளுக்கு ஏக்கருக்கு ரூ.1,500 ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று பஞ்சாப் அரசு 2022-இல் அறிவித்தது. அந்த ஆண்டுக்கான இலக்கு 12 லட்சம் ஹெக்டேர். பருவம் முடிந்தபோது ஒரு லட்சம் ஹெக்டேரைக்கூட எட்டமுடியவில்லை. 2025-இல் இலக்கே 5 லட்சம் ஏக்கராக, அதாவது சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மாநிலத்தில் நெல் பயிராகும் பரப்போ 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல்.

விவசாயிகள் பழைமையில் ஊறியவர்கள் என்று கூறி இதைக் கடந்துவிட முடியாது. பசுமைப் புரட்சியை ஒரு தலைமுறைக்குள் செய்து காட்டியவர்கள் இதே விவசாயிகள்தான். புதிய முறை அவர்களுக்கு என்ன தருகிறது, யாருடைய நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதே கேள்வி.

சேற்றுழவு செய்து நீரைத் தேக்கி நடும் முறை பஞ்சாபின் மணற்பாங்கான மண்ணுக்கு இயல்பானதல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், பஞ்சாபின் 153 வட்டாரங்களில் 117 அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்படும் பகுதிகள். ஓராண்டில் எடுக்கத்தக்க நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக எடுக்கப்படுகிறது.

நேரடி விதைப்பில் லேசர் கருவியால் நிலத்தைச் சமன்படுத்தி, ஒருமுறை நீர் பாய்ச்சி, ஈரம் பதமான நிலையில் விதைக்க வேண்டும். அடுத்த நீர் சுமார் 21 நாள்களுக்குப் பிறகே. ஈரத்தைத் தேடி வேர் ஆழமாக இறங்குகிறது, களையும் குறைகிறது. இம்முறையில் 15 முதல் 20 சதவீதம் வரை நீர் மிச்சமாகும் என்பது லூதியாணாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. காவிரிப் படுகையின் கடைமடையில் நேரடி விதைப்பு கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தேங்கிய நீர் களையைக் கட்டுப்படுத்தும். நீர் இல்லாத வயலில் அந்த வேலையைக் களைக்கொல்லி செய்ய வேண்டும். ஒரு தெளிப்பு தவறினாலும் பயிரைக் களை மூழ்கடித்துவிடும். லேசான மண்ணில் இரும்புச்சத்துக் குறைபாட்டால் இளம்பயிர் வெளிறிப்போகிறது. உரம் இடும் முறையும் மாறுகிறது. யூரியாவை விதைத்த 4, 6, 9-ஆவது வாரங்களில் மூன்று சம பங்குகளாக இடுமாறு பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மொத்த அளவும் நடவு வயலைவிட அதிகம். நீரை மிச்சப்படுத்தும் முறை உரத்தைக் கூடுதலாகக் கேட்கிறது என்பதை ஊக்கத்தொகை விளம்பரங்கள் சொல்வதில்லை.

குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்ட விவசாயி, ஏக்கருக்கு இரண்டு மூன்று குவிண்டால் குறையக்கூடும் என்று அஞ்சினால், ரூ.1,500 அந்த அச்சத்தைப் போக்காது. நீரை மிச்சப்படுத்துவதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. பாசன மின்சாரம் இலவசம். மிச்சமாவது அரசின் மின் மானியமும் அடுத்த தலைமுறையின் நீரும்தான். சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு ரூ.4 தரும் சோதனைத் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது. சரியான திசையில் வைத்த அடி. ஆனால் சில மின்பாதைகளைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை.

2020-இல் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. பொது முடக்கத்தால் பிகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வரவில்லை. நடவுக் கூலி எகிறியது. நேரடி விதைப்பு சுமார் 5 லட்சம் ஹெக்டேரைத் தொட்டதாக அரசு தெரிவித்தது. ஊக்கத்தொகைக்காகப் பதிவும் வயலில் சரிபார்ப்பும் வந்த 2022-இல் பரப்பு சரிந்ததைப் பார்க்கும்போது, முந்தைய கணக்குகளைச் சற்று ஐயத்துடனேயே அணுக வேண்டியிருக்கிறது. ஆனால், ஆள் கிடைக்காதபோது முறையை மாற்ற விவசாயி தயங்கவில்லை என்பது உண்மை.

மாநில அரசின் செயலிலும் முரண் உண்டு. கோடை வெயிலில் நீர் ஆவியாவதைத் தடுக்க, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்று 2009-இல் சட்டம் வந்தது. அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே மிஞ்சியதால் வைக்கோல் எரிப்பு நவம்பரை ஒட்டிக் குவிந்தது. அந்தப் புகையைத் தில்லியும் சுவாசிக்கிறது. நடவு செய்த 93 நாள்களில் முதிரும் பி.ஆர். 126 ரகம் இதற்கு நல்ல மாற்றாக வந்தது. குறுகிய கால ரகம் கையில் இருக்கும்போது, 2025-இல் மண்டலவாரியாக ஜூன் 1 முதல் நடவுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஒரு கையால் நேரடி விதைப்புக்குப் பணம், மறு கையால் முன்கூட்டிய நடவுக்கு அனுமதி.

மத்திய அரசின் பங்கு இதைவிடப் பெரிது. 2010-இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை விடுவிக்கப்பட்டது. யூரியா மட்டும் விலக்கப்பட்டது. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50, 50 கிலோ டி.ஏ.பி. ரூ.1,350. தழை, மணி, சாம்பல் சத்துகள் 4:2:1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கிலோ ஆறு ரூபாய்க்கு ஒன்றும் அதைப்போல் நான்கரை மடங்கு விலைக்கு மற்றொன்றும் கிடைக்கும் நாட்டில் எந்த விகிதம் நிலைக்கும்? 2015-இல் முழுமையாக வேம்பு பூசினார்கள். 2018-இல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கினார்கள். மண்வள அட்டை கொடுத்தார்கள். விற்பனை கூடவே செய்தது. 2022-23-இல் உர மானியம் ரூ.2.5 லட்சம் கோடியைத் தாண்டியது. 2025 கரீஃப் பருவத்தில் பல மாநிலங்களில் யூரியாவுக்கு விவசாயிகள் வரிசையில் நின்றனர்.

மாற்றாக முன்வைக்கப்பட்ட நானோ யூரியாவும் தெளிவான விடையாக இல்லை. அதைப் பயன்படுத்தி வழக்கமான தழைச்சத்தைப் பாதியாகக் குறைத்தபோது நெல்லில் 13 சதவீதமும் கோதுமையில் 21.6 சதவீதமும் மகசூல் குறைந்ததாகப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. தயாரிப்பாளரான இஃப்கோ இதை ஏற்கவில்லை. அதே பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டையோ சில ரூபாய்ப் பொருள். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மேலுரம் இடச் சொல்கிறது. கோதுமைக்குப் பரிந்துரைத்த அளவு டி.ஏ.பி. இட்டிருந்தால் அடுத்துவரும் நெல்லுக்கு மணிச்சத்து தேவையில்லை என்பதும் அதன் பழைய அறிவுரை. இவற்றை வயலுக்குக் கொண்டுசெல்ல விரிவாக்க அலுவலர்கள் வேண்டும்.

யூரியாவையும் ஊட்டச்சத்து மானியத்தின்கீழ் கொண்டுவருமாறு வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பலமுறை பரிந்துரைத்துள்ளது. மூட்டை விலை உயரும் என்ற அச்சத்தில் எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. உயரும் தொகையை விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தலாம். ஆனால் குத்தகைதாரரின் பெயர் நில ஆவணத்தில் இல்லாத பஞ்சாபில் அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு தில்லி இன்னும் வழி சொல்லவில்லை.