நாயின் காதில் சீழ்: வேப்பெண்ணெய் விடலாமா?

“வயலுக்குக் கூடவே வரும் வெள்ளை ராஜபாளையம் நாய் ஓயாமல் தலையை உதறுகிறது. ஒரு காதில் கெட்ட நாற்றம், பழுப்பு அழுக்கு. வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா?”
- வாசகர், அம்பாசமுத்திரம்.

ஊற்றக் கூடாது. நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்கும். ஆற்றிலும் கன்னடியன் கால்வாயிலும் நீந்தி வரும் நாய்க்கு அந்த மடிப்பில் ஈரம் தங்கிவிடும். அதோடு உண்ணி, காதுப்பூச்சி, புல் சுணை ஏதாவது சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும்.

கவனிக்காமல் விட்டால், உதறி உதறியே மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து காது பலூன் போல உப்பும். வீட்டில் ஊசியால் குத்தி வடித்தால் மறுபடி நிறையும். புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். இவை கண்ணுக்குத் தெரிபவை. உள்ளே நடப்பதுதான் மோசம். மாதக்கணக்கில் வீங்கிய தோல் தடித்துக் குழாயை அடைக்கும், குருத்தெலும்பு கல்லாக இறுகும். அதற்கு மேல் சொட்டு மருந்து உள்ளே போகாது. காதுக்குழாயையே அறுத்து எடுக்க நேரிடும்.

சீழ் செவிப்பறையைத் தாண்டினால் தலை ஒரு பக்கம் சாயும். நாய் வட்டமடிக்கும், முகத்தின் ஒரு பக்கம் தொங்கி எச்சில் வடியும். இதைப் பார்த்து வெறி பிடித்ததென்று கம்பெடுப்பவர்கள் உண்டு. உண்மையில் வெறிநோயாகவும் இருக்கலாம் என்பதால், தடுப்பூசி போடாத நாயானால் வாய்ப்பக்கம் கை வைக்காமல், கட்டிவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. அதனால் கூப்பிட்டுத் திரும்பாத நாயை ‘ஜாதியே அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். போன மாதம் வரை விசிலுக்கு ஓடிவந்த நாய்க்கு அது பொருந்தாது.

செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். கடையில் வாங்கும் ஜென்டாமைசின் சொட்டு மருந்துகூட அந்த நிலையில் செவியைக் கெடுக்கலாம். ஆகவே மருத்துவர் முதலில் கருவி வைத்துச் செவிப்பறையைப் பார்ப்பார். அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபின் மருந்து தருவார். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் போதும். தலை சாய்ந்திருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. நாற்றம் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு மூன்றாம் மாதம் அதே காது திரும்ப வருகிறது. சொன்ன நாள்வரை விட வேண்டும்.

குணமான பிறகு, குளித்து வரும்போதெல்லாம் விரல் எட்டும் வரை மட்டும் காய்ந்த பருத்தித் துணியால் துடைக்கவும். குச்சியில் பஞ்சு சுற்றிக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.