மலையிலிருந்து கடலுக்கு



காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் செல்வோர் அங்கே கடலைப் பற்றி எண்ணுவதில்லை. சென்ற முறை எங்களுடன் வந்த என் மகள் வயிற்றுப் பேத்தி எண்ணினாள். "இந்த மலைத் தண்ணீரெல்லாம் கடைசியில் எங்கே போகும், நன்னா?" என்றாள்.

இம்மலையில் தோன்றும் சுவேத நதி தம்மம்பட்டி வழியாக ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கிறது என்றேன். "அப்படியானால் நான் அங்கே படிப்பேன்" என்றாள். என் மருமகன் சிரித்துவிட்டார். "உள்நாட்டில் பிறந்தவளுக்குக் கடல் படிப்பா? அதுவும் பெண்பிள்ளைக்கு?"

அந்தச் சிரிப்புக்கு மறுமொழியாகவே இதனை எழுதுகிறேன்.

டாக்டர் செய்யது ஜஹூர் காசிம் 1926இல் பிறந்த அலகாபாத்தில் கங்கையும் யமுனையும் உண்டு, கடல் இல்லை. அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, பின்னர் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் கடல் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றார். கொச்சிக் காயலில், கண்ணுக்குப் புலப்படாத மிதவைத் தாவரங்கள் எவ்வளவு உணவை உண்டாக்குகின்றன என்று அளந்தார். மீன்வளத்தின் வேரே அதுதான். கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1981 டிசம்பரில் 21 பேருடன் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கிய முதல் இந்தியக் குழுவின் தலைவர் அவரே. அப்போது அவருக்கு வயது 55. 2015இல் காலமானார்.

பெண்பிள்ளை என்ற பேச்சுக்கும் விடையுண்டு. அதிதி பந்த் நாகபுரியில் பிறந்தவர். ஆலிஸ்டர் ஹார்டியின் கடல் நூலொன்றைப் படித்து அத்துறையின்பால் ஈர்க்கப்பட்டவர். 1983இல் புறப்பட்ட மூன்றாவது அண்டார்க்டிகப் பயணத்தில் சென்ற இரு பெண்களுள் ஒருவர்.

மேனிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்கள், கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ, அதன்பின் கடல் உயிரியல் முதுகலை. வழி இவ்வளவுதான். ஆனால் சொகுசான தொழில் அன்று. கப்பலில் குமட்டலும் உண்டு, நுண்ணோக்கியின் முன் நாள் முழுதும் அமர்ந்து எண்ணும் சலிப்பும் உண்டு. இதையும் பேத்தியிடம் சொல்லிவிட்டேன்.

இந்த விடுமுறையில் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துச் செல்ல மருமகன் இசைந்திருக்கிறார். மலைத் தண்ணீர் எந்த இடத்தில் உப்புக் கரிக்கத் தொடங்குகிறது என்று அவள் நாவில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.