பழைய கணிப்பொறியும் புதிய நினைவகமும்

தமிழ்த்துறைக்குக் கணிப்பொறி எதற்கு என்று வினவிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வாறு வினவுவார் எவருமிலர். ஓலையினின்று தாளுக்கும், தாளினின்று திரைக்கும் தமிழ் குடிபெயர்ந்துவிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றி வைத்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனக் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனம் பல்லாயிரம் நூல்களை மின்நூலகத்தில் வழங்குகிறது. எனவே, முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர்க்கு நூலக அட்டை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கணிப்பொறியும். ஆயின், அதனை வாங்கும் வசதி எல்லா இல்லங்களிலும் இல்லை. புதியதை வாங்குவது ஒன்றே வழி என்பாரோடு நாம் உடன்படவில்லை. பழையதைச் செப்பனிடுவதே பலருக்கு உரிய வழி என்பது நம் கருத்து.

மந்தைகள் மேய்ந்த வெளி என்று தன் பெயராலேயே பழங்கதை கூறும் மந்தைவெளியை எடுத்துக்கொள்வோம். இராமகிருஷ்ண மடம் சாலையினின்று பிரியும் தெருக்களில் தனி வீடுகள் பல அடுக்ககங்களாகிவிட்டன. அவற்றின் பரண்களில், பிள்ளைகள் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ சென்றபின் எவரும் தொடாத மேசைக் கணிப்பொறிகள் தூசி படிந்து கிடக்கின்றன. அதே தெருவின் கடைக்கோடியில், வாடகை ஒண்டுக்குடித்தனத்தில், ஒரு மாணவி திறன்பேசியின் சிறுதிரையில் விரல் நோக ஆய்வேட்டைத் தட்டிக்கொண்டிருப்பாள். பரணில் கிடப்பதை எடுத்து இயக்கிப் பார்ப்பவர், “இது நகர மறுக்கிறது, காயலான் கடைக்குத்தான் ஆகும்” என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. அந்தக் கணிப்பொறி நோயுற்றுக் கிடக்கவில்லை, பசித்துக் கிடக்கிறது.

நினைவகம் என்னும் மேசை

கணிப்பொறியின் நினைவகத்தை, அதாவது கடைத்தெருவில் ‘ராம்’ என்று வழங்குவதை, படிப்பவரின் மேசைக்கு ஒப்பிடலாம். வன்வட்டு என்பது நூலகத்தின் அலமாரி. மேசை அகலமாயிருந்தால் வேண்டிய நூல்களையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். மேசை சிறிதாயின், ஒன்றை எடுக்க மற்றொன்றை அலமாரியில் கொண்டு வைக்க வேண்டும். நினைவகம் போதாத கணிப்பொறி செய்வதும் இதுவே. நினைவகத்தில் உள்ளதை எடுக்க ஏறத்தாழ நூறு நானோ நொடி ஆகும். சுழலும் வன்வட்டில் அதே வேலைக்கு ஏறத்தாழ பத்து மில்லி நொடி ஆகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் இலட்சம் மடங்கு. ஒரு நிமிடத்தில் கைக்கு வரவேண்டிய பொருள் அறுபத்தொன்பது நாள் கழித்து வந்தால் எப்படியிருக்கும்? பழைய கணிப்பொறி ‘நகர மறுப்பதன்’ காரணம் இதுதான்.

தமிழ் எழுத்துக்கு இத்துணை இடம் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டா. யூனிகோடு முறையில், யூ.டி.எஃப்-8 குறியீட்டில், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். அவ்வாறு கணக்கிட்டாலும் திருக்குறள் 1330 குறளும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இடத்தை விழுங்குவன இணைய உலாவியும், பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்ட பழைய நூல்களுமே. இரண்டு ஜி.பி. நினைவகத்தில் திணறும் கணிப்பொறி, எட்டு ஜி.பி. பெற்றால் உலாவி, அகராதி, ஆய்வேடு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்கும்.

வாங்குமுன் அறிய வேண்டுவன

எளிய பணியே எனினும் அறியாமல் இறங்கினால் கைப்பொருள் வீணாகும். நினைவகப் பலகைகள் டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 எனத் தலைமுறை தலைமுறையாக வந்தவை. ஒரு தலைமுறையின் பலகை மற்றொன்றின் செருகுவாயில் பொருந்தாது. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 முனைகளே என்றாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். ஆகவே தாய்ப்பலகையின் பெயரையும், அது ஏற்கும் உச்ச அளவையும் குறித்துக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

அறியாதார் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, இண்டெல் ஜி41 சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகள். நம் நாட்டில் மலிவு விலைக் கணிப்பொறிகளில் பெரிதும் இடம்பெற்ற இவை, எட்டே சில்லுகள் கொண்ட புதுவகை நான்கு ஜி.பி. டி.டி.ஆர்.3 பலகைகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பதினாறு சில்லுகள் கொண்டவற்றையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, மலிவாகக் கிடைக்கும் சில நான்கு ஜி.பி. டி.டி.ஆர்.2 பலகைகள் ஏ.எம்.டி. செயலிக்கு மட்டுமே உரியவை. இண்டெல் பொறியில் அவை வாய் திறவா. மூன்றாவது, 32 பிட் விண்டோஸ் நான்கு ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. எட்டு ஜி.பி. செருகினாலும் 64 பிட் இயங்குதளம் நிறுவாவிடில் பாதி வீணே.

பொருத்தும் முறையில் புதிர் ஏதுமில்லை. மின்னிணைப்பை முற்றும் நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, வெட்டுக்கு நேராக வைத்து அழுத்தினால் போதும். சில வேளைகளில் புதியது வாங்கவே வேண்டியிராது. பழைய பலகையின் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகியதும் உயிர்பெற்ற கணிப்பொறிகள் பல.

மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு நடந்து செல்லும் தொலைவுதான். புதியதும் பழையதும் அங்கே கிடைக்கும். பழையதை வாங்குவோர் மாற்றித் தரும் உறுதியைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளால் ஓர் இரவு முழுதும் சோதிக்க வேண்டும்.

இந்தச் சிக்கனம் இன்று முன்னினும் தேவை. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தமையால் 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் விலை கடுமையாக உயர்ந்தது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு நேரே விற்றுவந்த க்ரூஷியல் பிரிவையே நிறுத்தப்போவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. எங்கோ எழும் எந்திர மூளைகளுக்கு நம் மாணவர் விலை கொடுக்கும் நிலை இது. இந்நிலையில் பரணில் கிடக்கும் ஒரு நினைவகப் பலகையும் செல்வமே.

எல்லையும் உண்டு

செப்பனிடுதலுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. செருகுவாய் இரண்டும் நிறைந்து, இரண்டு ஜி.பி.க்கு மேல் ஏற்க மறுக்கும் முதிய பொறிக்குச் செலவிடுவது அறிவுடைமையன்று. செப்பனிடும் செலவு புதிய கணிப்பொறி விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கடக்குமாயின் நிறுத்திக்கொள்க என்பது நம் அளவுகோல். விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐப் பழைய செயலிகள் பல ஏற்பதில்லை. அதனால் பொறியே பயனற்றதாகிவிடாது. லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளம் நான்கு ஜி.பி. நினைவகத்தில் செம்மையாக இயங்கும். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு.

ஏழை மாணவர்க்குப் பழம்பொருளைத் தள்ளிவிடுவது அவமதிப்பாகாதா என்பர் சிலர். பழுதோடு தள்ளிவிட்டால் அவமதிப்புத்தான். சோதித்து, செம்மைப்படுத்தி, உறுதியோடு வழங்கினால் அது மதிப்பே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டு, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். வீண்விரயத்தையும் கருமித்தனத்தையும் ஒருங்கே விலக்கிய மார்க்கம் நம்முடையது. பயன்படும் பொருளைக் குப்பையாக்குவது வீண்விரயம். பயன்படாத பொருளைப் பரணில் பூட்டிவைப்பது கருமித்தனம். பரணில் உறங்கும் கணிப்பொறி இவ்விரு குற்றங்களுக்கும் சான்றாக நிற்கிறது.

செய்யத்தக்கது

எனவே நாம் முன்வைப்பது இதுவே. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் கணிப்பொறித்துறையோடு கைகோத்து, ஆண்டுக்கு ஒருமுறை பழைய கணிப்பொறிகளை வேண்டிப் பெறட்டும். வன்வட்டில் உள்ள சொந்தச் செய்திகளை உரியவர் முன்னிலையில் அழித்துவிட்டு, கணிப்பொறித்துறை மாணவர் அவற்றைச் செப்பனிடட்டும். தமிழ்த்துறை மாணவர் தமிழ் மென்பொருள்களை நிறுவட்டும். செப்பனிட முடியாதவற்றை 2022ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்போம். கொடுங்கையூரும் பெருங்குடியும் சுமந்த குப்பை போதும்.

கிணறு வெட்டி வைத்தவர் மறைந்த பின்னும் நீர் அருந்துவோரால் அவருக்கு நன்மை சேரும் என்று நம்புகிறோம். ஒரு மாணவியின் மேசையில் தடையின்றி இயங்கும் கணிப்பொறியும் அத்தகைய நிலையான தருமமே. மந்தைவெளியின் பரண்களும், நம் ஒவ்வொருவர் இல்லத்துப் பரண்களும் இவ்வாண்டே திறக்கட்டும். வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக!