இழுப்புக்கு ஏற்ற டேங்க் என்னும் பொய்

‘உங்கள் இழுப்புப் பாணிக்கு ஏற்ற டேங்க் எது?’ வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றன. 2019 முதல் இந்தியாவில் விற்பனையே தடைசெய்யப்பட்ட பொருள் அது. ஆயினும் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு மாணவர் விடுதிகளில் வெகு இயல்பாகப் புழங்குகிறது. செல்பேசி வாங்குவோர் கேமராவைப் பற்றிப் பேசுவதுபோல, வேப் வாங்குவோர் தம் மூச்சைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்தக் கேள்வியின் இலக்கணத்தை முதலில் பார்க்க வேண்டும். கேட்கப்படுபவர் இழுப்பவர், அவருக்கென்று ஒரு பாணி முன்பே உண்டு, அந்தப் பாணிக்குப் பணிந்து வருவது கருவி. இந்த மூன்றையும் கேள்வி வெளிப்படையாகச் சொல்லவில்லை, முன்னனுமானமாக உள்ளே வைத்திருக்கிறது. ‘எனக்கு எந்த டேங்கும் பொருந்தவில்லை’ என்று ஒருவர் மறுத்தாலும் பாணி இருப்பதாகிவிடுகிறது. எதிர்மறையாக்கினாலும் அழியாமல் நிற்பதே முன்னனுமானத்தின் அடையாளம் என்பது மொழியியலில் முதலாண்டுப் பாடம். வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொட்டிராத 19 வயது மாணவரிடம் இக்கேள்வியைக் கேட்டால், இல்லாத பாணி அந்தக் கணத்திலேயே அவருக்கு வழங்கப்பட்டுவிடுகிறது.

கருவியின் இயக்கத்தைப் பார்த்தால் இந்தப் பொய் இன்னும் தெளிவாகும். வழிகாட்டிகள் இரண்டு பாணிகளைச் சொல்கின்றன. புகையை முதலில் வாயில் நிறுத்தி, பிறகு நுரையீரலுக்கு அனுப்புவது ஒன்று. அதன் பெயர் மவுத் டு லங். வாயில் நிறுத்தாமல் நேரே நெஞ்சுக்குள் இழுப்பது மற்றொன்று. அதன் பெயர் டைரக்ட் லங். முன்னதற்கான டேங்கில் காற்றுத் துளை சிறியது, காயிலின் மின்தடை பொதுவாக 1 ஓமுக்கு மேல், திறன் பத்துப் பதினைந்து வாட் அளவில் நின்றுவிடும். பின்னதில் துளை அகலம், மின்தடை 1 ஓமுக்குக் கீழ், திறன் பல மடங்கு. சிறு துளையில் நெஞ்சு நிறைய ஒரே மூச்சாக இழுக்க முயன்றால் காற்றே வராது. அகலத் துளையில் வாயால் மட்டும் உறிஞ்சினால் காயில் சரியாகக் குளிராது, புகை சுடும். முதல் வகைக்கென்று விற்கப்படும் அடர்நிகோடின் திரவத்தை இரண்டாம் வகை டேங்கில் ஊற்றினால் சில இழுப்புகளிலேயே தலை சுற்றும், குமட்டும். ஆக, துளையின் அகலமும் கம்பியின் தடையும் திரவத்தின் செறிவும் சேர்ந்து எப்படி இழுக்க வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிட்டன. அந்தத் தீர்ப்பின் பெயர்தான் ‘உங்கள் பாணி’.

இது மின்சிகரெட்டோடு தோன்றிய ஏற்பாடும் அன்று. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டப்பட்டு உலகெங்கும் சென்ற சுருட்டின் புகை காரத்தன்மை கொண்டது. அதன் நிகோடின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய தேவை இல்லை, இழுத்தால் தொண்டை தாங்காது. வெப்பக்காற்றில் பதப்படுத்திய இலையால் ஆன சிகரெட்டின் புகையோ அமிலத்தன்மை கொண்டது. அதை நுரையீரல் வரை கொண்டுபோனால்தான் நிகோடின் போதிய அளவில் சேரும், அந்தப் புகையும் அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு மென்மையானது. சுருட்டுப் பிடித்த தாத்தா வாயோடு நிறுத்திக்கொண்டதற்கும் சிகரெட் பிடித்த பேரன் நெஞ்சு நிறைய இழுத்ததற்கும் இடையே இருந்தது குணவேறுபாடு என்று யாரேனும் எழுதினால் வேதியியல் அறிந்தோர் சிரிப்பார்கள். பீடியும் இப்படித்தான். தெண்டு இலையில் காற்று எளிதில் ஊடுருவாது. அடிக்கடி இழுக்காவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். பீடி பிடிப்பவரின் இடைவிடாத இழுப்பு அவருடைய பொறுமையின்மை அன்று, இலையின் கட்டளை.

சமூகம் உருவாக்கிய இழுப்பு முறைகளும் இந்தியாவில் உண்டு. வடக்கு ஆந்திரக் கடலோரத்தில் சுட்டா எனும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் முதிய பெண்களிடையே இருந்துவருகிறது. பாணி என்ற சொல்லுக்குத் தகுதியான ஒன்று உண்டென்றால் அதுதான். அதை ஆராய்ந்தவர்கள் மேலண்ணத்துப் புற்றுநோயைப் பற்றித்தான் எழுதினார்கள். அந்தப் பெண்களின் பாணிக்கு ஏற்ற சுட்டா எது என்று எவரும் வழிகாட்டி எழுதவில்லை. நுகர்வோரின் வர்க்கம் மாறும்போது பழக்கம் என்ற சொல் பாணி ஆகிவிடுகிறது.

பாணியைப் பேசி அளவை மறைக்கும் உத்தியின் வரலாறு ‘லைட்’ சிகரெட்டில் இருக்கிறது. வடிகட்டியைச் சுற்றி நுண்துளைகள் இட்டார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் என்று அளந்து இழுக்கும் சோதனை எந்திரத்தில் தாரும் நிகோடினும் குறைவாகப் பதிவாயின. மனிதர் எந்திரம் அல்லர். விரலாலும் உதட்டாலும் துளைகள் மூடிக்கொண்டன, இழுப்பு ஆழமாயிற்று, உடல் தனக்குப் பழகிய அளவைப் பெற்றுக்கொண்டது. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இது நிறுவனங்கள் அறிந்தே செய்த ஏமாற்று என்று தீர்ப்பளித்தார். 2010 முதல் அந்நாட்டில் ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற சொற்களைச் சிகரெட் பெட்டியில் அச்சிட முடியாது. தடை விழுந்தது சொல்லின் மீது என்பதை மொழி ஆய்வாளர்கள் கவனிக்கலாம்.

மின்சிகரெட்டிலும் கணக்கு அதேதான். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவத்தை நாளுக்கு ஒன்றரை மில்லிலிட்டர் தீர்ப்பவர் செலவிடுவது 30 மில்லிகிராம். ‘வெறும் 3 மில்லிகிராம்தான்’ என்று ஆறுதல் கொள்ளும் பெருமேகப் பிரியர் 10 மில்லிலிட்டர் தீர்த்தால் அதுவும் 30 மில்லிகிராம். செறிவு குறைந்த திரவத்துக்கு மாறியவர்கள் நீளமாகவும் கூடுதல் முறையும் இழுத்து ஈடுசெய்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறகு 2015இல் ஜூல் வந்தது. பென்சாயிக் அமிலம் சேர்த்த நிகோடின் உப்பு, அமெரிக்காவில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 59 மில்லிகிராம் செறிவிலும் தொண்டையைக் கரிக்காமல் உள்ளே இறங்கியது. ‘மென்மையான இழுப்பு’ என்று பாராட்டப்படுவது, உடல் தரும் எச்சரிக்கை அணைக்கப்பட்டிருப்பதைத்தான்.

சொற்களைப் பாருங்கள். தமிழில் இலைக்கே புகையிலை என்று பெயர். புகையை மறைக்க வழியில்லை. பேச்சுத்தமிழில் பீடி ‘குடிக்கிறார்கள்’, இந்தியிலும் குடிக்கிறார்கள், வங்கத்தில் சிகரெட்டைத் ‘தின்கிறார்கள்’. ஒரு பொருள் உடலுக்குள் போகிறது என்பதை இந்த வினைகள் ஒளிப்பதில்லை. வேப், ஜூஸ், கிளவுட் ஆகியவற்றில் அந்த நேர்மை இல்லை. ‘ஆவி’ என்றால் தமிழ்ச் செவிக்கு இட்லிப் பானை நினைவுக்கு வரும், அல்லது சளி பிடித்தால் போர்வைக்குள் பிடிக்கும் ஆவி. டேங்கிலிருந்து வருவதோ கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் நிகோடினும் நறுமண வேதிப்பொருள்களும் கலந்த நுண்துளிப் படலம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒன்றில் சட்டத்தின் மொழி சந்தையின் மொழியைவிடத் துல்லியமானது: 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை ‘ஏரோசால்’ என்றே சொல்கிறது, ஆவி என்று சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தின் மீதான குற்றச்சாட்டுகள் அனைத்தும் பொய்யல்ல. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடைசெய்து முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் அரசு, பீடியையும் சிகரெட்டையும் தெருவுக்குத் தெரு விற்க விடுகிறது. எரியும் புகையிலையைவிட மின்சிகரெட்டில் நச்சுப்பொருள்கள் குறைவு என்பதும் உண்மை. பல ஆண்டுகள் சிகரெட் பிடித்த ஒருவர் அதை விடுவதற்காக இதை நாடினால் அவரை இகழ யாருக்கும் உரிமையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 20 மில்லிகிராம் செறிவு, 2 மில்லிலிட்டர் டேங்க் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தடைக்குப் பின்னால் ஒளிந்து நடக்கும் இந்தியச் சந்தையில் அந்த வரம்பும் இல்லை. ஆனால் தீங்கு குறைப்பு என்ற வாதத்தைக் கையில் எடுப்பவர் நிகோடின் அளவையும் காலக்கெடுவையும் நிறுத்தும் திட்டத்தையும் பேசியாக வேண்டும். டேங்க் வழிகாட்டி இவற்றைப் பேசுவதில்லை. சுவையைப் பேசுகிறது, மேகத்தைப் பேசுகிறது, ‘உங்களை’ப் பேசுகிறது. மருத்துவத்தின் வாதத்தைக் கடன் வாங்கி அழகுசாதனத்தின் மொழியில் விற்கிறது.

சாதிப் பெயரின் பின்னொட்டையும் அரசு அறிக்கையின் செயப்பாட்டு வினையையும் விளம்பரத்தில் வரும் பெண்ணின் சிரிப்பையும் கட்டுடைக்கத் தெரிந்த சமூக அறிவியல் துறைகள், தம் மாணவரின் சட்டைப்பையில் கிடக்கும் கருவியின் மொழியைக் கண்டுகொள்வதில்லை. சில கருத்தரங்குகளில் ‘உடலின் தன்னுரிமை’ என்ற பெயரில் அதற்கு ஒரு கோட்பாட்டுப் போர்வையும் கிடைத்துவிடுகிறது. தன்னுரிமையைப் பேசுவோர் முதலில் துளையின் விட்டத்தை அளக்கட்டும்.

நிகோடின் சார்பை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனையில் ஆறு கேள்விகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூடப் பாணியைக் கேட்பதில்லை. காலையில் கண்விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதே அதன் முதல் கேள்வி. விடை ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று மதிப்பெண், அந்தக் கேள்விக்கான உச்ச மதிப்பெண் அது.