'லாக் பண்ணியாச்சு சார்!'

ஓர் ஊழியரை வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனிகள் சில விஷயங்களில் படு கறார். அடையாள அட்டை, லேப்டாப், டிராயர் சாவி எல்லாம் அன்றைக்கே வசூல். கம்ப்யூட்டர் கணக்கு? 'அப்புறம் பார்த்துக்கலாம்.'

இந்த 'அப்புறம்' என்ன செய்யும் என்பதற்கு, அமெரிக்காவின் வீட்டுக்கடன் ராட்சச நிறுவனமான ஃபேனி மே நல்ல உதாரணம். 2008 அக்டோபர் 24 அன்று பகலில், கான்ட்ராக்டில் இருந்த யூனிக்ஸ் இன்ஜினீயர் ஒருவரை நீக்கினார்கள். லாகின் உரிமையைப் பறித்ததோ இரவில்தான். இடைப்பட்ட நேரத்தில் ஆசாமி, 2009 ஜனவரி 31-ல் கிளம்பும்படி ஓர் அழிவு ஸ்கிரிப்ட்டை ஒளித்துவைத்துவிட்டார். 4,000 சர்வர்கள் காலியாகியிருக்கும் என்றது எஃப்.பி.ஐ. சில நாளில் இன்னொரு இன்ஜினீயர் கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள். 2010-ல் அவருக்கு 41 மாத ஜெயில்.

தாமதம் பாதி வியாதி. மீதிப் பாதி, அரைகுறைப் பூட்டு.

'லாக் பண்ணியாச்சு சார்' என்பார் அட்மின். லினக்ஸில் இதற்கு அர்த்தம், ஷேடோ ஃபைலில் அந்த ஆளின் பாஸ்வேர்டுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழுகிறது. அவ்வளவுதான். இனி எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது, வாஸ்தவம். ஆனால் எஸ்.எஸ்.எச். சாவி வைத்திருப்பவரிடம் யார் பாஸ்வேர்டு கேட்கிறார்கள்? பல சிஸ்டங்களில் ஜம்மென்று உள்ளே வந்துவிடலாம். அவர் நேரம் குறித்துவைத்த கிரான் வேலைகளும் பாட்டுக்கு ஓடும்.

பாஸ்வேர்டை மட்டுமல்ல, கணக்கையே முடக்க வேண்டுமென்றால் காலாவதித் தேதியை 1 என்று வையுங்கள் என 'யூசர்மாட்' கட்டளையின் மேனுவலே சொல்கிறது. யூனிக்ஸ் பஞ்சாங்கத்தில் அது 1970 ஜனவரி 2. கூடவே ஷெல்லை 'நோலாகின்' ஆக்கி, சாவிகளை அப்புறப்படுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களையும் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

'எதுக்கு வம்பு, டிலீட் பண்ணிடலாமே?' கூடாது. யூனிக்ஸ் ஆளை எண்ணால்தான் அறியும். போனவரின் எண் புதிதாக வருபவருக்குக் கிடைத்தால், மிச்சமிருக்கும் பழைய ஃபைல்களுக்கெல்லாம் அவரே வாரிசு.

அட்மினை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. யாரை எப்போது அனுப்புகிறோம் என்பதை அவரிடம் கடைசியில்தானே சொல்கிறார்கள்! நீக்கல் கடிதம் டைப்பாகும்போதே சர்வர் ரூமுக்குத் தகவல் போக வேண்டும்.

இது போகிறவர் மேல் அவநம்பிக்கை இல்லை, அவருக்கும் பாதுகாப்பு. மூடாத கணக்கில் நாளைக்கு எவனோ புகுந்து விளையாடினால், போலீஸ் முதலில் தட்டப்போவது அவர் வீட்டுக் கதவைத்தான்.