ஒரு பாயின்ட்ல கப்பு!

போன வாரம் எங்க ஏனாத்தூர் டீக்கடையில ஒரு பெட். ஐ-லீக் ஃபுட்பால் கப்பைத் தமிழ்நாட்டு டீம் ஜெயிச்சிருக்கா, இல்லையா? தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும். 'சென்னையின் எஃப்.சி. ரெண்டு தடவை அடிச்சிருக்கேடா'ன்னான் மெக்கானிக்கல் நண்பன். தலைவா, அது ஐ.எஸ்.எல்.! நான் கேட்டது ஐ-லீக். காலேஜ் டீமுக்கு கோல் கீப்பரா நிக்கிற பயலுக்கே தெரியலைன்னா, உங்களுக்கும் சொல்லிடறேன்.

2018-19 சீசன். டீம் பேரு சென்னை சிட்டி எஃப்.சி. பேருதான் சென்னை, ஹோம் கிரவுண்டு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். முந்தின வருஷம் பத்து டீம்ல எட்டாவது இடம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்தான் கோச். ஸ்பெயினோட கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டிருந்த பெட்ரோ மான்ஸியைக் கூட்டிட்டு வந்தாங்க. மனுஷன் அந்த சீசன்ல மட்டும் 21 கோல்! கூடவே நம்ம பசங்க எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ்.

கடைசி நாள், 2019 மார்ச் 9. சென்னை சிட்டி 40 பாயின்ட், கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால் 39. ரெண்டு மேட்சும் ஒரே நேரத்துல. இங்கே கோவையில மினர்வா பஞ்சாப், அங்கே கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் - கோகுலம். ஆரம்பிச்ச மூணாவது நிமிஷமே மினர்வா ஒரு கோல் போட்டுடுச்சு. ஹாஃப் டைம் வரைக்கும் அதே ஸ்கோர். கேலரியில உட்கார்ந்திருந்தவங்க பாடு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க!

செகண்ட் ஹாஃப்ல பெனால்ட்டி. மான்ஸி மிஸ் பண்ணலை. அப்புறம் கௌரவ் போரா ஒண்ணு, கடைசியில இன்னொண்ணு. இவர் கோல் அடிக்கிற ஆளே இல்லைங்க, டிஃபெண்டர்! 3-1. கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் 2-1-னு ஜெயிச்சிடுச்சு. அதனால டிரா ஆகியிருந்தாலும் கப்பு கொல்கத்தாவுக்குத்தான் போயிருக்கும். ஃபைனல் டேபிள்: 43, 42. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான டிக்கெட்டும் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கும் போயிட்டாங்க. நல்லா ஆடுறவங்களைப் பெரிய டீம் கூப்பிடத்தான் செய்யும், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா 2021-22 ஐ-லீக்ல ஆடின 13 டீம்ல சென்னை சிட்டிங்கிற பேரே இல்லை. கப்பு ஜெயிச்சு முழுசா மூணு வருஷம்கூட ஆகலை. 1920-ல ஆரம்பிச்ச ஈஸ்ட் பெங்கால், அன்னிக்கு ஒரு பாயின்ட்ல தோத்துச்சே... அதுக்கு இன்னிக்கும் ஊரே திரண்டு வந்து கத்துது. ஜெயிச்ச டீமோட ஜெர்சியைப் போட்டுக்கிட்டு நம்ம பக்கம் யாராவது நடந்து பார்த்திருக்கீங்களா?

இத்தனையும் சொன்னதுக்கு நண்பன் கேட்ட ஒரே கேள்வி: 'இல்லாத டீமுக்கு எதுக்குடா பரோட்டா?'

விடுவேனா? ரெண்டு செட், சால்னாவோட, வசூல் பண்ணிட்டுத்தான் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்!