பூப்போட்ட தட்டில் புளிக்குழம்பு ஊற்றலாமா?

பெரம்பலூர், அரியலூர் பாத்திரக் கடைகளில் இப்போது எவர்சில்வருக்குப் போட்டி வந்துவிட்டது. ரோஜாப்பூத் தட்டு, மயில் தட்டு, தங்கக் கரை போட்ட தட்டு, வாழை இலை போலவே நரம்பு ஓடும் பச்சைத் தட்டு! புது வீடு கட்டுகிறவர்கள் சாப்பாட்டு மேஜை வாங்குகிறார்கள். மேஜை வந்தால் அதற்கேற்ற தட்டும் வரத்தானே செய்யும்?

அழகுத் தட்டின் மேல் ஆசை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமைத்த தலைநகரம் அது. அரண்மனை இருந்த இடத்தை மாளிகைமேடு என்கிறார்கள். அந்த மேட்டைத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, கூரை ஓடுகளோடு சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சோழ மன்னர்கள் சீனாவுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் வந்து சேர்ந்ததைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த பீங்கான் அரண்மனையில் புழங்கியது. குடியானவன் வீட்டில் மண் சட்டியும் இலையும்தான்.

இன்று அப்படி இல்லை. கூலி வேலை செய்கிறவரும் பூத்தட்டு வாங்கலாம். அவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது?

பீங்கான் அல்ல!

மலிவான பூத்தட்டுகளில் பல, பீங்கானே அல்ல. மெலமின் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்காது. கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய சௌகரியம்தான்.

ஆனால் சூடும் புளிப்பும் இதற்கு ஆகாது. இரண்டும் சேர்ந்தால் தட்டில் உள்ள ரசாயனம் சிறிது சிறிதாக உணவில் இறங்கும்.

தைவான் நாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2013-ல் வெளிவந்தது. 12 பேருக்குச் சுடச்சுட நூடுல்ஸ் சூப் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மெலமின் கிண்ணம். பாதிப் பேருக்குப் பீங்கான் கிண்ணம். மூன்று வாரம் கழித்துக் கிண்ணத்தை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு சிறுநீரைச் சோதித்தார்கள். மெலமின் கிண்ணத்தில் குடித்தபோது, மற்றதைப் போல ஆறு மடங்கு மெலமின் வெளியேறியது!

இதைக் கேட்டதும் பீதி அடைய வேண்டியதில்லை. 2008-ல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் மெலமினைக் கலந்து விற்றார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். அது பணத்தாசையால் செய்த கலப்படம். தட்டிலிருந்து இறங்குவது அதோடு ஒப்பிடவே முடியாத சிறிய அளவு.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை இது: மிகவும் புளிப்பான உணவு 71 டிகிரியோ அதற்கு மேலோ சூடானால் தட்டிலிருந்து இறங்கும் மெலமின் கூடலாம், அதனால் மெலமின் தட்டில் உணவை வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்காதீர்கள். அமெரிக்கர் தட்டில் ரொட்டியும் கீரைத் தழையும் இருக்கும். நம் வீட்டில்? ஆவி பறக்கும் சோறு, புளிக்குழம்பு, கொதிக்கும் ரசம். அதுவும் ஒரு நாள் இரு நாள் அல்ல, தினமும்! மெலமின் தட்டில் முறுக்கு வைக்கலாம், பழம் நறுக்கி வைக்கலாம், விருந்தாளிக்கு மிக்சர் வைக்கலாம். கீறல் விழுந்து நிறம் மங்கியதை, ஆகிவந்த தட்டு என்று வைத்திருக்க வேண்டாம்.

விரலால் தடவிப் பாருங்கள்

சரி, உண்மையான பீங்கான் என்றால் கவலை இல்லையா? நல்ல பீங்கானில் கவலை இல்லை. பூ வரைந்து, அதன் மேல் கண்ணாடி போன்ற பூச்சு பூசிச் சூளையில் வேக வைத்திருந்தால், விரலால் தடவும்போது வழவழப்பாக இருக்கும். வண்ணம் மேடாகத் தட்டுப்பட்டால், பூவைப் பூச்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சாயங்களில் ஈயமும் காட்மியமும் கலப்பதுண்டு. புளிப்புப் பட்டால் அவை கரையும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம் உடலில் சேர்ந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப்பட்ட தட்டைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். கொள்ளிடத்துக்கு அக்கரையில் தஞ்சாவூர்க் கலைத்தட்டு இருக்கிறதே! பித்தளை மேல் செம்பும் வெள்ளியும் பதித்த அந்தத் தட்டில் யாராவது சோறு போட்டுச் சாப்பிடுகிறார்களா?

விசேஷ வீட்டில் கவலையே இல்லை. வாழை இலை இருக்கிறது, பாக்குமட்டைத் தட்டு இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்குத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடை போட்டுவிட்டது.

தினசரிச் சாப்பாட்டுக்கு? பழைய எவர்சில்வர்தான்! இரும்போடு குரோமியம் கலந்த உலோகம் அது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் அதன் மேல் தானே உண்டாகித் துருவைத் தடுக்கிறது. புளி பட்டாலும் சூடு பட்டாலும் தாங்கும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் உத்தரவு போட்டது. வாங்கும்போது தட்டைத் திருப்பி, முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எவர்சில்வர் வெறிச்சென்று இருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். பெயர் வெட்டும் கருவி கடையிலேயே இருக்கும். பிள்ளையின் பெயரை வெட்டுகிற கையோடு, பக்கத்தில் ஒரு பூவும் போட்டுத் தருவார்கள்.